இங்கிலீஷ் வார்த்தையோட தலையப் பாத்தே அர்த்தம் புடிக்கிறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வேலைக்கு வந்தவங்க முக்கால்வாசிப் பேரு ஒரு தடவையாவது இந்தத் தப்ப பண்ணியிருப்போம். டிக்‌ஷனரிய எடுத்து ஏ-ல இருந்து ஒரு நாளைக்கு பத்து வார்த்தைன்னு மனப்பாடம். நானும் நல்ல நாள் பாத்து ஆரம்பிச்சேன், முதல் பக்கத்துலயே அபேண்டன்னு ஒரு வார்த்தை வரும், அதுக்கு கைவிடுறதுன்னு அர்த்தம், நாலு நாள்ல நானும் கைவிட்டுட்டேன். ஏன்னா பக்கத்துப் பக்கத்துல இருக்குற வார்த்தைங்களுக்குள்ள ஒரு சொந்தமும் இல்ல. முதல் எழுத்து ஒண்ணா இருக்கு, அவ்ளோதான்.

அப்புறம்தான் புரிஞ்சுது, முதல் எழுத்து ஒண்ணா இருந்தா பிரயோஜனம் இல்ல, முதல் மூணு நாலு எழுத்து ஒண்ணா இருந்து அந்தத் துண்டுக்கு தனியா ஒரு அர்த்தமும் இருந்தாதான் லாபம். இங்கிலீஷ்ல நிறைய வார்த்தை ரயில் மாதிரி, முன்னாடி ஒரு இன்ஜின் (அதத்தான் தலைங்கிறேன்), பின்னாடி பெட்டி (அது ஒடம்பு). இன்ஜின் எதுன்னு கண்டுபுடிச்சா எந்தப் பக்கம் போகுதுன்னு பாதி தெரிஞ்சுடும். நான் எப்படிப் பழகினேன்னு அப்படியே சொல்றேன், கிராமர் புக் மாதிரி இருக்காது.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க

நாப்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு தலை, அதாவது டெலி-க்கு ஒரு பக்கம், ப்ரீ-க்கு ஒரு பக்கம், சப்-க்கு ஒரு பக்கம். ரோட்டுல, பில்லுல, போன்ல எங்க அந்தத் தலையோட ஒரு வார்த்தை கண்ணுல பட்டாலும் அந்தப் பக்கத்துல போய் உக்காரணும். ஒரே ஒரு கண்டிஷன், வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல எழுதுங்க, தமிழ்ல எழுதாதீங்க. எதுக்குன்னா, தமிழ்ல எழுதினா டெலிபோனும் டெலிவரியும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனா ஒண்ணுல டேபிளுக்கு வர்ற டி, இன்னொண்ணுல டோருக்கு வர்ற டி. ரெண்டுக்கும் ஒட்டு உறவே கிடையாது. நான் ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதி வெச்சுட்டு, தூரத்துல இருந்து வர்றதால டெலிவரின்னு ஒரு பையனுக்கு பாடம் வேற எடுத்திருக்கேன், அவன் இப்ப எங்க இருக்கானோ.

தெரிஞ்ச வார்த்தையில இருந்து கிளம்புங்க

புது வார்த்தைய தேடிப் போகாதீங்க. நாம தினம் பேசுற தமிழ்லயே நூத்துக்கணக்குல இங்கிலீஷ் கெடக்கு, அதுவே மூலதனம். அதுலயும் அரசாங்கத் தமிழ் நமக்கு பெரிய உதவி, பல வார்த்தைய தலைக்குத் தலை பிரிச்சு மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க.

டெலிபோன் தொலைபேசி, டெலிவிஷன் தொலைக்காட்சி, டெலஸ்கோப் தொலைநோக்கி. டெலி வர்ற எடத்துல எல்லாம் தொலை வருதா? கிரேக்கத்துல டெலின்னா தூரம், அவ்ளோதான் விஷயம். இப்ப டெலிமெடிசின்னு ஒரு போர்டு பாத்தா டாக்டர் எங்கயோ இருந்துகிட்டு வைத்தியம் பாக்குறாருன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். டெலிகிராம்னா தூரத்துல இருந்து வர்ற எழுத்து, நம்ம தந்தி. இந்தியாவுல தந்தி சேவைய 2013 ஜூலையில மூடிட்டாங்க, பேரு மட்டும் இப்ப போன் ஆப்பா உயிரோட இருக்கு.

ரீ-ன்னா மறு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த உடனே வீட்டுக்கு வீடு கேக்குற வார்த்தை ரீடோட்டலிங், ரீவேல்யூவேஷன்: மறுகூட்டல், மறுமதிப்பீடு. ரீசார்ஜ், ரீமேக் எல்லாம் இதே வகைதான். ஆனா ரீ-க்கு இன்னொரு வேலையும் இருக்கு, திரும்பங்கிறது. ரிட்டர்ன், ரீஃபண்ட் எல்லாம் அது. ரீஃபண்டுக்கு லத்தீன்ல திருப்பி ஊத்துறதுன்னு அர்த்தமாம். காசு வர்ற வேகத்தப் பாத்தா ஊத்துற மாதிரி ஒண்ணும் தெரியல, சொட்டு சொட்டாதான் வருது.

ப்ரீ-ன்னா முன்னாடி, போஸ்ட்-னா பின்னாடி. இத யாருக்கும் விளக்கவே வேண்டாம், ப்ரீபெய்டு போஸ்ட்பெய்டு சிம்மு போதும், காசு முன்னாடி கட்டுனா அது, பின்னாடி கட்டுனா இது. ப்ரிஸ்கிரிப்ஷனும் இந்தக் கூட்டம்தான், மருந்து வாங்குறதுக்கு முன்னாடி எழுதித் தர்றது. போஸ்ட்மார்ட்டத்துல மார்ட்டம்னா சாவு. இன்னொரு கூத்து, மீட்டிங்க தள்ளி வெச்சா போஸ்ட்போன், அப்ப முன்னாடி இழுத்தா ப்ரீபோன்தானன்னு நம்ம இந்திய ஆளுங்களே ஒரு வார்த்தைய புழக்கத்துக்கு கொண்டுவந்துட்டாங்க, ஆக்ஸ்போர்டு அகராதி வரைக்கும் போயிடுச்சு. வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொன்னா முழிப்பாங்க, ஆனா தலைய புரிஞ்சுகிட்டு செஞ்ச வேலை, எனக்கு அதுல பெருமைதான்.

சப்-னா கீழ. சப் கலெக்டர் சார் ஆட்சியர், சப் ரெஜிஸ்ட்ரார் சார் பதிவாளர், சப் ஜெயில் கிளைச் சிறை. சப்வே ரோட்டுக்குக் கீழ போற பாதை, சப்டைட்டில் படத்துக்குக் கீழ ஓடுற எழுத்து.

தலைய எடுத்துட்டு ஒடம்பு நிக்குதான்னு பாருங்க

ரொம்ப முக்கியமான வேலை இதுதான், நிறைய பேரு இதத்தான் பண்றதில்ல. சப்மெரின எடுத்துக்கங்க. சப்-ப கழட்டினா மெரின் மிச்சம். அதுக்கு அர்த்தம் இருக்கா? இருக்கு, கடல் சம்பந்தப்பட்டதுன்னு. நம்ம மெரினா பீச் பேரும் அதே குடும்பம்தான், 1880கள்ல மெட்ராஸ் கவர்னரா இருந்த கிராண்ட் டஃப் அங்க நடைபாதை போட்டு இத்தாலிக்காரங்க பாணியில வெச்ச பேரு. ஆக சப்மெரின்னா கடலுக்குக் கீழ, நீர்மூழ்கி. தலையும் நிக்குது ஒடம்பும் நிக்குது, கணக்கு சரி.

இப்ப அன்-னு ஆரம்பிக்கிறதப் பாருங்க. அன்ஹேப்பி: ஹேப்பி நிக்குது, சரி. அன்லாக், அன்ஃபாலோ: நிக்குது, ஆனா இங்க இல்லைங்கிற அர்த்தம் இல்ல, செஞ்சத அவுக்குறது. அங்கிள்? எழுத்துப்படி அதுவும் அன்-னுதான் ஆரம்பிக்குது. அன்-ன எடுத்தா கிள்-னு ஒண்ணு நிக்கும், மாமா கிள் இல்லாதவரா ஆயிடுவாரு. அண்டரும் அப்படித்தான். ஒடம்பு நிக்கலன்னா சந்தேகப்படுங்க, உடனே தூக்கிப் போட்டுடாதீங்க, ஏன்னா சில ஒடம்பு லத்தீன்ல மட்டும் நிக்கும், அத டிக்‌ஷனரிலதான் பாக்கணும்.

இந்த அன், நாம அநீதி, அநாகரிகம், அசுத்தம்னு போடுறோமே அந்த அ, இது ரெண்டும் தூரத்து சொந்தம். அந்த அ நமக்கு சமஸ்கிருதம் வழியா வந்தது, அதுவும் இங்கிலீஷும் ரொம்பப் பழைய காலத்துல ஒரே தாய் வயித்துல இருந்து பிரிஞ்சதுங்க.

இங்கிலீஷ்லயும் புணர்ச்சி விதி இருக்கு

எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பள்ளிக்கூடத்துல பொன் + குடம் = பொற்குடம், மரம் + கள் = மரங்கள்னு தலையெழுத்தேன்னு படிச்சோமே, அதே ஆட்டம் அப்படியே அங்கயும் நடக்குது.

இல்லைங்கிறதுக்கு லத்தீன்ல இருந்து வந்த தலை இன். இன்கரெக்ட், இன்விசிபிள். ஆனா பாஸிபிளுக்கு முன்னாடி வந்தா இம்பாஸிபிள், லீகலுக்கு முன்னாடி வந்தா இல்லீகல், ரெகுலருக்கு முன்னாடி வந்தா இர்ரெகுலர். இன், இம், இல், இர் எல்லாம் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டிய நாலு தலை இல்ல, ஒரே ஆளு வேஷம் மாத்திட்டு நிக்கிறான். அடுத்து வர்ற எழுத்துக்கு ஏத்த மாதிரி வாய் வளையுது. ப-வுக்கு ஒதடு மூடணும், அதனால முன்னாடியே மூடி ம் ஆயிடுது. அன்பு, இன்பம்னு அசால்ட்டா சொல்ற நாக்கு நமக்கு, அவங்களுக்கு அது வழுக்கிடுச்சு போல.

அதே மாதிரி கான். கூட, சேர்ந்துன்னு அர்த்தம். கனெக்ட்ல கான், கம்பைன்ல காம், கலெக்ட்ல கால், கரெக்ட்ல கார், கோ-ஆப்பரேட்டிவ்ல வெறும் கோ. கோ-ஆப்பரேட்டிவ கூட்டுறவுன்னு சொன்னது எவ்ளோ பொருத்தம் பாருங்க. சகலைய நம்ம ஊர்ல கோ-பிரதர்னு சொல்றோம், இங்கிலாந்துக்காரனுக்குப் புரியாது, ஆனா விதிப்படி சரிதான்.

கலெக்ட், கரெக்ட், இல்லீகல், இம்மெச்சூர், இதுல எல்லாம் நடுவுல ஒரு எழுத்து ரெட்டையா வருதே, ஒண்ணா ரெண்டான்னு பரீட்சையில கொழம்புவோம். இப்ப கொழப்பமே கிடையாது: தலையோட கடைசி எழுத்து ஒண்ணு, ஒடம்போட முதல் எழுத்து ஒண்ணு, மொத்தம் ரெண்டு. நான் பத்து வருஷமா தப்பாவே எழுதின ஸ்பெல்லிங் எல்லாம் இந்த ஒரு விஷயத்துல சரியாச்சு.

இந்தக் கூட்டத்துல எனக்குப் புடிச்சது கம்பெனி. காம்-னா சேர்ந்து, பானிஸ்-னா லத்தீன்ல ரொட்டி. ஒண்ணா உக்காந்து ரொட்டி தின்னவங்கதான் கம்பெனி, கம்பேனியன் எல்லாம். ஒரே பந்தியில கை நனைச்சவங்கன்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரி. ஆபீஸ் கேன்டீன்ல தனியா உக்காந்து டப்பா தொறக்குறப்பல்லாம் இது ஞாபகம் வரும் எனக்கு.

ஒரே வேஷத்துல ரெண்டு பேரு

இங்கதான் உஷாரா இருக்கணும். இன்-னுக்கு இல்லைன்னு மட்டும் அர்த்தம் இல்ல, உள்ளேங்கிற இன்-னும் இருக்கு. பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னாடி இன்ஃப்ளேமபிள்னு எழுதியிருக்கும். ஃப்ளேம்னா தீ, இன்-னா இல்ல, அப்ப தீப்புடிக்காதுன்னு கணக்கு போட்டா கதை முடிஞ்சுது. அது இன்ஃப்ளேம்ங்கிற வார்த்தையில இருந்து வந்தது, பத்திக்கும்னு அர்த்தம். இந்தக் கொழப்பத்துக்கு பயந்தே அமெரிக்கால 1920கள்லயே தீத்தடுப்பு சங்கத்துக்காரங்க இன்-ன தூக்கிட்டு ஃப்ளேமபிள்னு மட்டும் எழுதுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஆக ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் ரெண்டும் பத்திக்கும், பத்தாதத நான்ஃப்ளேமபிள்னு சொல்லணும். இன்வேல்யூவபிளும் இந்த மாதிரி ஏமாத்தும், மதிப்பு இல்லாததுன்னு இல்ல, மதிப்பே போட முடியாத அளவு ஒசந்தது.

போஸ்ட் ஆபீஸ்ல இருக்குற போஸ்ட்டும் பின்னாடிங்கிற போஸ்ட் இல்ல, லெட்டர் லேட்டா வர்றதால நாம அப்படி நினைக்கலாம், அது வேற.

ஒரு எழுத்துல தலைகீழா போறது

ஹைப்பர், ஹைப்போ. ரெண்டும் கிரேக்கம், ஹைப்பர்னா மேல, ஹைப்போன்னா கீழ. எங்க அத்தை சுகர் மாத்திரை போடுறவங்க, ஒரு தடவ கையெல்லாம் நடுங்கி சட்ட நனையிற அளவு வேர்த்து ஆஸ்பத்திரில சேத்து, சாயங்காலமே அனுப்பிட்டாங்க. சீட்டுல ஹைப்போகிளைசீமியான்னு இருந்தது. வீட்டுல இங்கிலீஷ் தெரிஞ்சவன் நான்தான, சீட்ட வாங்கி ஸ்டைலா படிச்சுட்டு, சுகர் ஜாஸ்தி ஆயிடுச்சாம் அத்தைன்னு சொல்லி அடுக்களையில இருந்த வெல்லம், கடலைமிட்டாய் எல்லாத்தையும் பரண் மேல ஏத்திட்டேன். பக்கத்து வீட்டு அக்கா நர்ஸு, ராத்திரி ட்யூட்டிக்கு கிளம்புறவங்க எட்டிப் பாத்து சீட்ட வாங்கிப் படிச்சுட்டு, "டேய் கிறுக்கா, இது சுகர் கொறஞ்சது டா, அத்தை பையில எப்பவும் ரெண்டு மிட்டாய் இருக்கணும், நீ பரண்ல வெச்சா ஆபத்துக்கு ஏணியா போடுவாங்க?"ன்னு திட்டினாங்க. அன்னையில இருந்து லோ-ங்கிற வார்த்தையில ஓ இருக்கு, ஹைப்போவுலயும் கடைசியில ஓ இருக்குன்னு ஞாபகம் வெச்சிருக்கேன். பிரஷருக்கும் இதே கதைதான், ஹைப்பர்டென்ஷன் ஜாஸ்தி, ஹைப்போடென்ஷன் கம்மி. ஆஸ்பத்திரி சீட்டுல மட்டும் தலையப் பாத்து முடிவு எடுக்காதீங்க, கூச்சப்படாம அங்கயே கேட்டுட்டு வந்துடுங்க.

இன்னொரு ஜோடி ஆன்ட்டி. கடைசியில ஐ வந்தா எதிர்: ஆன்ட்டிபயாட்டிக், ஆன்ட்டிவைரஸ். கடைசியில ஈ வந்தா முன்னாடி: ஆன்ட்டிநேட்டல்னு கர்ப்பிணிங்க வார்டு வாசல்ல போட்டிருப்பாங்க, பிரசவத்துக்கு முன்னாடின்னு அர்த்தம், பிரசவத்துக்கு எதிரி இல்ல. இந்த ரெண்டாவது ஆன்ட்டிய நாம தினமும் பாக்குறோம், மணி பாக்குறப்ப வர்ற ஏ.எம்.-ல இருக்குற ஏ அதுதான். ஆன்ட்டி மெரிடியம், நடுப்பகலுக்கு முன்னாடி. பி.எம். போஸ்ட் மெரிடியம். அதத்தான் முற்பகல், பிற்பகல்னு சொல்றோம். முன் + பகல் = முற்பகல், மறுபடியும் புணர்ச்சி.

நம்பர் தலைங்க

இது நமக்கு அல்வா. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர், இதோட தலைங்கள காலண்டர்ல திதி பாக்குற பாட்டிகிட்ட சொல்லிப் பாருங்க: சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி. ஏழு, எட்டு, ஒம்பது, பத்து! சும்மா சத்தம் ஒத்துப்போகல, லத்தீனும் சமஸ்கிருதமும் நெசமாவே உறவு. அப்ப செப்டம்பர் ஏன் ஒம்பதாவது மாசம்னு கேப்பீங்க, பழைய ரோமானியருக்கு வருஷம் மார்ச்சுல பொறந்தது, அங்க இருந்து எண்ணுங்க சரியா வரும். ஆக்டோபஸுக்கு எட்டு கால்னு தனியா படிக்க வேண்டாம்.

கெட்ட தலைங்க

மால்-னா கெட்டது, கோளாறு. மால்நியூட்ரிஷன் சத்துக்குறை, மால்வேர் கம்ப்யூட்டர கெடுக்குறது. மலேரியாவும் இங்கதான் வருது, இத்தாலிக்காரங்க சதுப்புநிலத்துக் கெட்ட காத்தாலதான் அந்தக் காய்ச்சல் வருதுன்னு நம்பி மாலா ஆரியா, கெட்ட காத்துன்னு சொன்னாங்க. காரணம் காத்து இல்ல, 1897 ஆகஸ்ட் 20 அன்னைக்கு செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துக்குள்ள அந்தக் கிருமியப் பாத்துட்டாரு, ஆனா பேரு தப்பாவே நின்னுடுச்சு. மலையாளமும் எழுத்துல மால் மாதிரிதான் ஆரம்பிக்கும், சேட்டன்கிட்ட போய் கெட்ட மொழின்னு சொல்லிடாதீங்க, அது நம்ம மலை.

டிஸ்-ஸும் பிரிக்கிறது, கெடுக்குறது. டிஸ்கனெக்ட் எல்லாருக்கும் தெரியும். டிசீஸ்னா ஈஸ் இல்லாதது, சொகமில்லாதது. டிஸாஸ்டர்ல ஆஸ்டர்னா நட்சத்திரம், அஸ்ட்ரானமி அஸ்ட்ராலஜி எல்லாம் அதே கூட்டம். ஆக பேரழிவுன்னா கெட்ட நட்சத்திரம். கிரகம் சரியில்லன்னு சொல்றது நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சேன்.

தலை இல்ல, ஆனா சத்தம் ஒண்ணு

இது கொஞ்சம் விசித்திரம். ஜி எல்-னு ஆரம்பிக்கிற க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிஸ்டன், க்ளிம்மர், க்ளேர், எல்லாத்துலயும் வெளிச்சம். ஜி எல்-ல கழட்டினா ஒடம்பு நிக்காது, அதனால இது தலை கிடையாது. ஆனாலும் கூட்டமா இருக்கு. எஸ் என்-ல ஆரம்பிக்கிறது மூக்கு: ஸ்னீஸ் தும்மல், ஸ்னோர் கொறட்டை, ஸ்னிஃப் மோப்பம், ஸ்னவுட் பன்னியோட நீள மூக்கு, ஸ்னஃப் மூக்குப்பொடி. 1930ல ஜே.ஆர். ஃபர்த்ங்கிற மொழியியல்காரர் இந்த மாதிரி சத்தக் கூட்டத்துக்கு தனியா ஒரு பேரே வெச்சாரு. நம்மகிட்ட இல்லையா என்ன, மூக்கு, மூச்சு, முகர்றது, மோப்பம். வெளிச்சத்துக்கு மின்னல், மின்மினி, மினுமினு. இத விதியா நம்பாதீங்க, எஸ் என்-ல ஸ்னேக்கும் இருக்கு, அதுக்கும் மூக்குக்கும் சம்பந்தம் இல்ல. ஞாபகத்துக்கு ஒரு ஆணி, அவ்ளோதான்.

டபிள்யூ ஆர் மட்டும் கொஞ்சம் நின்னு பாக்க வேண்டியது. டபிள்யூ வாயில வராது, எழுத்துல மட்டும். ரிஸ்ட் மணிக்கட்டு, ரிங் துணி புழியுறது, ரெஞ்ச் நட்டு திருகுறது, ரிங்கிள் சுருக்கம், ராப் சுத்துறது, ரெஸ்லிங் மல்யுத்தம். எல்லாமே முறுக்கு, திருகு. வீட்டுல துணி துவைக்கிறப்ப ஒரு ஈர வேட்டிய எடுத்து புழிஞ்சு பாருங்க, மணிக்கட்டு திரும்பும், துணி முறுக்கும், சுருக்கம் விழும், மூணு வார்த்தை ஒரே வேட்டியில. தப்புன்னு அர்த்தம் வர்ற ராங்-கும் இந்தக் கூட்டம்தான், மொதல்ல அதுக்கு கோணலானதுன்னு அர்த்தம். ரைட்டுக்கு நேரானது. நேர்ல இருந்து நேர்மை, கோணல்னா தப்புன்னு நாம வெச்சிருக்கோமே, அதே யோசனை.

தினமும் எவ்ளோ நேரம்

பதினஞ்சு நிமிஷம் போதும், அதுவும் உக்காந்து படிக்கிற பதினஞ்சு நிமிஷம் இல்ல. பஸ்ல போறப்ப ஒரு போர்டு, கடையில ஒரு பாக்கெட்டுப் பின்பக்கம், மாத்திரை அட்டை. வார்த்தையப் பாத்த உடனே மொபைல எடுக்காதீங்க, மொதல்ல தலை எது, ஒடம்பு எது, நம்ம தமிழ்ல இதுக்கு ஜோடி என்னன்னு யோசிச்சு ஒரு அர்த்தத்த வாய்விட்டு சொல்லுங்க. அப்புறம் பாருங்க. தப்பா ஊகிச்சத அழிக்காம பக்கத்துலயே விட்டு வைங்க, என் நோட்டுல டெலிவரி இன்னும் டெலி பக்கத்துலதான் இருக்கு, மேல ஒரு கோடு போட்டு. தப்பா போனதுதான் எனக்கு மறக்காம இருக்கு, சரியா ஊகிச்சதுல பாதி மறந்துடுச்சு.

வாரத்துக்கு ஒரு தலை, அதுக்கு மேல வேண்டாம். மொதல் அஞ்சு வாரத்துக்கு ரீ, ப்ரீ, சப், கான். இந்தக் கடைசி ஆளோட மட்டும் ரெண்டு வாரம் இருங்க, வேஷம் ஜாஸ்தி.

ஆரம்பிக்கிறதுக்கு ஒண்ணு குடுக்குறேன். இன்னைக்கு டீக்கடைக்குப் போனா பாட்டில்ல இருக்குற பிஸ்கட்டப் பாருங்க. பிஸ்-னா லத்தீன்ல ரெண்டு தடவ, மிச்சம் இருக்குறதுக்கு வேகவெச்சதுன்னு அர்த்தம். ரெண்டு தடவ சுட்டது. அப்படிப் பாத்தா பக்கத்துப் பாட்டில்ல இருக்குற ரஸ்க்குதான் அசல் பிஸ்கட், கடைக்காரர்கிட்ட மட்டும் இந்த வாதத்த ஆரம்பிக்காதீங்க, நான் ஆரம்பிச்சு டீ ஆறிப்போச்சு.